ராத்தா காத்திருந்த ஒரு மணித்தியாலம்

எங்கள் லாப்பின் அலுமாரிக்கு மேலே ஒரு பழைய மர ஸ்டாண்ட் இருக்கிறது. ஆறு கண்ணாடிக் குழாய்களை நெட்டுக்குத்தாக நிறுத்திவைக்கிற ஸ்டாண்ட். குழாய் பென்சிலைவிட மெல்லியது, ஓரடி நீளம். மேலே பூச்சியத்தில் தொடங்கிக் கீழே இருநூறு வரை கோடு போட்டிருக்கும். கையில் எடுத்த இரத்தத்தை உறையாமல் இருக்க மருந்துத் தண்ணீரோடு கலந்து, பூச்சியக் கோடு வரைக்கும் ஏற்றி நிறுத்தினால், சிவப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் மிஞ்சும். சரியாக ஒரு மணித்தியாலத்தில் சிவப்பு எத்தனை கோடு இறங்கியது என்று பார்ப்பதற்குத்தான் ஈ.எஸ்.ஆர். என்று பெயர். இப்போது மெஷின் வந்துவிட்டது. குழாயை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. முதலாளி அந்த ஸ்டாண்டை இரண்டு தரம் குப்பைக் கூடைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். இரண்டு தரமும் வாய் திறக்காமல் எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தேன். மூன்றாம் தரம் வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு மனுசன் அதைத் தொடவில்லை.

ஸ்டாண்ட் மேசையில் இருந்த காலத்தில் அதற்கு எதிரே ஆட்கள் குந்தியிருக்க ஒரு நீள வாங்கு கிடந்தது. அதுதான் என் ராத்தாவின் இடம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மற்றவர்கள் இரத்தம் கொடுத்துவிட்டு, "எத்தின மணிக்கு வரட்டும்?" என்று கேட்டுக் கல்முனைச் சந்தைக்குள் போய்விடுவார்கள். ராத்தா போகமாட்டாள். ஒரு மணித்தியாலமும் பையை மடியில் வைத்துக்கொண்டு குழாயையே பார்த்தபடி இருப்பாள். "போய் மீனாவது வாங்கிட்டு வாவன்" என்பேன். "நான் பாத்துட்டு இருந்தாத்தான் அது அடங்கி நிக்கும் புள்ள" என்பாள். "நீ முறைக்கிற முறையிலதான் அது பயந்து கீழ ஓடுது" என்று நான் சொல்ல, சிரிப்பாள். வாங்கில் அவள் நேராக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலது கையை ஊன்றி, எந்த நேரமும் எழும்பி ஓட ஆயத்தமானவள்போல இருப்பாள். கடல் வந்து போன பிறகு எங்கள் ஊரில் நிறையப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். ஆகவே அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் வாங்கிவைத்திருந்த நல்ல வளவை மூத்தவளுக்குக் கொடுத்தார். காற்றும் தென்னையும் உள்ள வளவு. எனக்கு மெயின் ரோட்டுக்கு மேற்கே, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற பள்ளக் காணி. நான் அதற்காக எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன் என்பது வாப்பாவுக்குத்தான் தெரியும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடல் எழும்பி வந்தது. நல்ல வளவில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. என் பள்ளக் காணியின் படலையைக்கூட அது தொடவில்லை.

ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் மச்சான், தோணி வைத்திருந்தார். மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரர். அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கவேண்டும் என்று ராத்தா ஒற்றைக்காலில் நின்றாள். அவளுக்கு ஆசை கிரீம் நிறத்தில். மச்சானோ தோணிக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயின்டை எடுத்து எல்லாக் கதவுக்கும் அடித்து முடித்துவிட்டார். கண்ணைக் குத்துகிற பச்சை. தோணிக்கல்லாமல் வேறெதற்கும் யாரும் அடிக்காத பச்சை. பெருநாள் அன்று நான் போனபோது, "பாருகா, வீட்டத் தோணியாக்கி வெச்சிரிக்காரு" என்று ராத்தா மூக்கால் அழுதாள். "கடல் வந்தா மிதக்குமே" என்றார் மச்சான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். பெருநாள் கழிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கடல் வந்தது. மச்சானின் ஜனாஸா மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

ராத்தாவும் அவளுடைய ஒரே மகளும் தப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் முகாம். ஒரு வகுப்பறையின் மூலையில் சாரியால் மறைப்புக் கட்டி, புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கிற இத்தாவை அதற்குள் நாலு மாதமும் பத்து நாளும் இருந்தாள். என் வீட்டுக்கு வா என்று எவ்வளவோ கெஞ்சினேன். இத்தாக் காலத்தில் வீட்டிலிருந்துதான் வெளிக்கிடக் கூடாது, வீடே இல்லாதவள் எங்கேயும் இருக்கலாம் என்று மௌலவி சொல்லியும் அவள் வரவில்லை. மச்சானைக் கொண்டுபோய் அடக்கிய இடத்துக்கு அந்தப் பள்ளிக்கூடம்தான் கிட்ட. மருத்துவக் குழுக்கள் வந்தன. மறைப்புக்கு வெளியே நின்று, "உள்ளே காயப்பட்டவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்கள். உள்ளேயிருந்து ராத்தா, "அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்கு ஒண்டுமில்ல" என்றாள். சுகமா என்று யார் கேட்டாலும் எங்கள் ஊரில் அதுதான் பதில். காய்ச்சலில் கிடப்பவரும் அதைத்தான் சொல்வார், கடையை இழந்தவரும் அதைத்தான் சொல்வார். அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுப் பிறகு நோயைச் சொல்லலாம், அதில் ஒரு குற்றமுமில்லை. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் ஆட்கள் முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அடுத்த பாயில் கிடக்கும்போது, தனக்கு நோகிறது என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த வருஷம் நடுவில் ராத்தா இளைக்கத் தொடங்கினாள். பின்னேரமானால் உடம்பு லேசாகக் காயும், காலையில் போய்விடும். படி ஏறினால் களைப்பு. நான்தான் லாப்புக்குக் கூட்டிவந்து இரத்தம் எடுத்தேன். ஒரு மணித்தியாலம் முடிந்து குனிந்து பார்த்தேன்: எண்பத்தெட்டு. அவள் வயதுப் பெண்ணுக்கு இருபதுக்குள் இருக்கவேண்டியது. முதலில் எனக்கு வந்தது பயமில்லை, மேசைமேல் சந்தேகம். குழாய் கொஞ்சம் சரிந்து நின்றாலும் சிவப்பு வேகமாக இறங்கி எண்ணைக் கூட்டிக் காட்டும். கடல் தண்ணீர் நின்று வடிந்த கட்டடத்தில் நிலம் தாழ்ந்திருக்கலாம். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேசனிடம் ரசமட்டத்தை வாங்கிவந்து ஸ்டாண்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். மேசன் வாசலில் நின்று, "என்ன தங்கச்சி, ரெத்தத்துக்கும் மட்டம் பாக்கிறியளா?" என்று சிரித்தார். நீர்க்குமிழி நட்டநடுவில் நின்றது. மறுநாள் திரும்ப எடுத்தேன். எண்பத்தாறு.

இந்த எண்ணைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் ரிப்போர்ட் துண்டைக் கையில் வாங்கியதும் முகம் வெளிறிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஈ.எஸ்.ஆர். ஒரு நோயின் பெயரல்ல. உடம்பில் எங்கேயோ அழற்சி இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். வீட்டுக்குள் புகை மணக்கிறது, எந்த அறையில் எரிகிறது என்று தெரியவில்லை; அதுபோல. இரத்தம் குறைந்தவருக்கும் கூடும், பிள்ளைத்தாச்சிக்கும் கூடும், வயது போகப் போகவும் கொஞ்சம் கூடும். சி.ஆர்.பி. என்று இன்னொரு பரிசோதனை இருக்கிறது. அது சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். அதுவும் இடத்தைச் சொல்லாது. ஒரு தரம் கூடியிருந்தால் பொறுத்திருந்து திரும்பப் பார்க்கலாம். திரும்பத் திரும்பக் கூடியே நின்றால் அறை அறையாகக் கதவைத் திறந்து தேடத்தான் வேண்டும். அந்தத் தேடலில் டொக்டருக்கு உதவுவது நோயாளியின் வாய். எங்கள் ராத்தாவின் வாய்தான் பூட்டிக் கிடந்ததே.

டொக்டர்மார் தேடாமல் விடவில்லை. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைப் பார்த்தார்கள், கசம் என்கிற டி.பி. இல்லை. மூட்டு வாதத்துக்குப் பார்த்தார்கள், அதுவும் இல்லை. பல்லில் சீழ் இருக்குமோ என்று இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். அன்டிபயோடிக் கொடுத்தால் எண் நாற்பதுக்கு இறங்கும். நிறுத்தி ஒரு மாதம் போனால் மறுகாலும் எண்பது. டொக்டர் மாறுவார், புதியவர் முதலிலிருந்து கேட்பார்: "சுனாமியில் காயம் பட்டதா?" ராத்தா சொல்வாள்: "இல்ல சேர், அல்லாஹ் காப்பாத்தினான்." ஊராரும் தங்கள் பங்குக்குக் கண்டுபிடித்தார்கள். "அந்தப் பயம் ரெத்தத்துல கலந்துட்டு" என்றார்கள். ஓதிய தண்ணீர் குடித்தாள், நானும் கொடுத்தேன். குற்றமில்லை. ஆனால் என் மனதில் இருந்தது ஒரே ஒரு சொல்தான், புற்று. அவள் மனதிலும் அதுதான் இருந்தது என்று எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

மாதம் ஒரு தரம் அந்த வாங்கில் அவள் இருக்கிற ஒரு மணித்தியாலத்தில் அவள் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. முதலில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டைப் பற்றிக் கதைப்பாள், கூரைத் தகடு சூடு என்பாள். பிறகு மகளைப் பற்றி. "அவள் கரச்சல் படுத்துற புள்ள இல்ல, உன்ட பேச்சக் கேப்பாள்" என்பாள். ஒரு நாள் பையிலிருந்து வீட்டுப் பத்திரத்தின் போட்டோப் பிரதியை எடுத்து என் மேசை லாச்சிக்குள் வைத்தாள். "என்னத்துக்கு இது?" "சும்மா கிடக்கட்டும். நான் இல்லாட்டி நீ தேடித் திரியக் கூடா." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மௌத்தாகிறதுக்கு டிக்கட் எடுத்துட்டியோ? வாயக் கழுவு" என்று கத்தினேன். இரத்தம் கொடுக்க வந்திருந்த ஒரு வயதானவர் கையை இழுத்துக்கொண்டார். ராத்தா சிரித்துக்கொண்டே குழாயைப் பார்த்தாள். "எத்தின புள்ள?" என்று கேட்டாள். ஒவ்வொரு தரமும் அதே கேள்விதான்.

யுத்தம் முடிவதற்கு முந்திய வருஷம் ஒரு நாள். அன்று எண் நூற்று நாலு. அவள் நோன்பு பிடித்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்து, கழுத்தெலும்பு தெரிந்தது. மகளுக்கு ஓ.எல். சோதனை வரப்போகிறது, அதுவரைக்கும் தான் இருந்தால் போதும் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். "எத்தின?" என்றாள். என் வாயில் தானாக வந்தது: "முப்பத்தி நாலு." பிறகு பேனையை எடுத்துத் துண்டிலும் அதையே எழுதினேன். "யா அல்லாஹ், மெய்தானா?" என்று அந்தத் துண்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த நாள் நெய்ச்சோறு ஆக்கி மகளிடம் கொடுத்தனுப்பினாள். நான் அதைத் தின்னவும் செய்தேன். இருபத்தைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு கோட்டைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதியதில்லை, அந்த ஒரு துண்டைத் தவிர. அன்பால் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க நான் தயாராக இல்லை. அது பிழை, சுத்தமான பிழை.

அந்தத் துண்டை அவள் கிளினிக்கில் காட்டினாள். எண்ணைப் பார்த்த டொக்டர் சந்தோஷப்பட்டு, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். அவர் என்ன செய்வார், துண்டைத்தானே நம்பவேண்டும். ராத்தாவும் லாப்புக்கு வருவதைக் குறைத்தாள். நான் கூப்பிடவுமில்லை, கூப்பிட்டால் திரும்ப எடுக்கவேண்டும், எடுத்தால் உண்மையை எழுதவேண்டும். மாதங்கள் போயின. மகள் சோதனையும் எழுதி முடித்தாள். பிறகு வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. ஊரில் எங்கேயோ வெடி கொளுத்தினார்கள், எங்கேயோ கதவைச் சாத்திக்கொண்டார்கள். காரைதீவுச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதிப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. இனியாவது நல்லகாலம் பிறக்கும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கிழமையில்தான் மகள் ஓட்டோவில் ஓடிவந்தாள்: "சாச்சி, உம்மாவுக்குக் காய்ச்சல் கொதிக்குது, ஆள் பிதற்றுறா."

வார்ட்டில் சேர்த்தோம். வைத்தியசாலை லாப்பில் ஈ.எஸ்.ஆர். நூற்றுப் பதினெட்டு. இரண்டாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் விட்டு அவள் கண் திறந்திருந்த நேரம், புதிதாக வந்திருந்த பெண் டொக்டர் பழைய துண்டுகளைக் கட்டிலில் பரப்பிவைத்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த ஆள், குரல் மட்டும் பெரிது. "அன்டிபயோடிக் எடுக்காத மாதத் துண்டெல்லாம் எண்பது, தொண்ணூறு. இந்த ஒண்டில மட்டும் முப்பத்தி நாலு. இது எப்பிடி?" என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன், அங்கேயே, நேர்ஸ்மாருக்கு முன்னால். "அது நூற்றிநாலு டொக்டர். நான்தான் மாத்தி எழுதினன்." டொக்டர் என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ராத்தா தலையணையிலிருந்து என்னைப் பார்த்தாள். "நம்பரையும் நீ ஒளிச்சா நான் ஆரட்டப் போய்க் கேக்கிற புள்ள?" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க ஏலவில்லை.

டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "சரி, இனி ஒருத்தரும் ஒளிக்க வேண்டாம். உங்களுக்கு எங்கயாவது நோகுதோ? எப்பவாவது காயம் பட்டதோ?" என்று கேட்டார். ராத்தா வழக்கம்போல, "அல்ஹம்துலில்லாஹ், எனக்கு ஒண்டும்..." என்று தொடங்கினாள். கட்டிலில் எழும்பி இருந்தபடிதான் சொன்னாள்: ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலது கையை ஊன்றி. நான் அப்போதுதான் பார்த்தேன். நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரத்தத்தை ஒரு கோடு பிசகாமல் அளக்கிற இந்தக் கண், அவள் இருக்கிற இருப்பை ஒரு தரம் அளக்கவில்லையே! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, அவள்மேலும் என்மேலும். "ஒண்டுமில்லாமலா நாலு வருஷமா ஒத்தப் பக்கத்தால குந்திட்டு இரிக்காய்? நேரா இரி பாப்பம். இரி!" என்று கத்தினேன். அவள் நேராக இருக்கவில்லை. முகத்தைத் திருப்பி அடுத்த கட்டிலைப் பார்த்தாள்.

அடுத்த கட்டிலில் காரைதீவு அக்கா ஒருவர் இருந்தார். சீனி வருத்தத்துக்கு அனுமதித்திருந்தார்கள். அவருடைய மகன் யுத்தத்தில் என்ன ஆனான் என்று ஒரு தகவலும் இல்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவன் படத்தைக் காட்டிக் கேட்பார். காய்ச்சல் விட்ட நேரத்திலெல்லாம் ராத்தா அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள், தன் நோயைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இப்போதும் மெல்லிய குரலில் என்னிடம், "வாய மூடு. இந்த மனிசிக்கு முன்னால நான் என்ன நோவெண்டு சொல்ற?" என்றாள். அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. அவர் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்து ராத்தாவின் கட்டிலில் இருந்தார். "ஏன் பிள்ள, என்ட மகனக் காணல்ல எண்டதுக்கு உனக்கு நோகக் கூடாதா? நீ சொல்லாம விட்டா அவன் வந்துருவானா? டொக்டரம்மா கேக்கிறா, சொல்லு. நானும் கேக்கன்" என்றார். ராத்தா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மச்சானை அடக்கிய அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுததை நான் காணவில்லை.

அழுது முடித்துச் சொன்னாள். தண்ணீர் வந்தபோது மகளை இழுத்து அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாளாம். கதவு பெயர்ந்து பின்னால் வந்து இடித்ததாம். அதையே பிடித்துக்கொண்டு மிதந்து, முருங்கை மரத்தில் போய் முட்டி நின்றார்களாம். மகளை மரத்தில் ஏற்றிய பிறகுதான் இடுப்புக்குக் கீழே பின்பக்கம் இரத்தம் ஓடுவது தெரிந்ததாம். முகாமில் ஒரு பெண் உப்புத் தண்ணீரால் கழுவித் துணி கட்டிவிட்டாள். இத்தாவுக்குள்ளேயே ஆறிவிட்டது. "அது காயமா டொக்டர்? கீறல். மனிசர் மௌத்தாகிக் கிடக்கக்குள்ள அதப் போய்க் காயமெண்டு சொல்லுவாங்களா?" என்று எங்களைத்தான் கேட்டாள். டொக்டர் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். மேலே நெல்மணி அளவு தழும்பு. அதைச் சுற்றி அழுத்தியபோது ராத்தா "யா அல்லாஹ்" என்று துடித்தாள். "எக்ஸ்ரேயில சில சாமான் தெரியாது, மரம், முள்ளு மாதிரி. ஸ்கேன் செய்து பாப்பம்" என்றார் டொக்டர். ஸ்கேனில் தசைக்குள் சீழ்ப்பையும், அதற்கு நடுவில் விரலின் பாதி நீளத்துக்கு ஏதோ ஒன்றும் தெரிந்தன.

அறுவைச் சிகிச்சை முடிந்து, சின்னப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து ராத்தாவிடம் காட்டினார்கள். ஒரு மரச் சிராய். ஊறிக் கறுத்திருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில், நகத்தளவு இடத்தில், பச்சை. கண்ணைக் குத்துகிற அதே பச்சை, தோணிப் பச்சை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ராத்தா போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எங்கட கதவு" என்றாள். அந்த வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை; மச்சானின் ஒரு சேட்டுக்கூட மிஞ்சவில்லை. மிஞ்சிய ஒன்றே ஒன்றை அவள் நாலரை வருஷமாக உடம்புக்குள் வைத்துக்கொண்டு, தான் சாகப்போவதாக நினைத்துப் பத்திரப் பிரதியை என் லாச்சிக்குள் வைத்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று எங்கள் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. காரைதீவு அக்காதான் முதலில் சிரித்தார். "நல்ல மனிசன் பிள்ள, மிச்சப் பெயின்டெண்டாலும் நல்லா ஒட்டத்தான் அடிச்சிரிக்காரு" என்றார். ராத்தா புண்ணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சி.ஆர்.பி. ஒரு கிழமைக்குள் விழுந்தது. ஈ.எஸ்.ஆர். அதன் வழக்கப்படி ஆறுதலாகத்தான் இறங்கியது. தொண்ணூறு, அறுபத்தைந்து, நாற்பது, இருபத்தாறு. ஒவ்வொரு தரமும் லாப்புக்கு வந்தாள். ஆனால் "எத்தின?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். ஒரு மணித்தியாலம் முடிந்ததும் அவளே எழும்பி வந்து, கண்ணைக் குழாயின் மட்டத்துக்கு இறக்கி, கோட்டை எண்ணிப் பார்ப்பாள். "உன்ன நம்ப ஏலா" என்பாள் நேரே. எனக்கு அது வலித்தது. வலிக்கவேண்டியதுதான். ஒரு வருஷம் போன பிறகுதான் அந்தச் சொல்லில் சிரிப்புக் கலக்கத் தொடங்கியது. லாச்சிக்குள் கிடந்த பத்திரப் பிரதியை எடுத்துக் கிழிக்கப் போனேன். "கிழிக்காத, மகள்ட கலியாணத்துக்குத் தேவைப்படும்" என்று பிடுங்கிக்கொண்டாள். கலியாணத்துக்கு வீட்டுக்குக் கிரீம் நிறம் அடித்தாள், ஆசைப்பட்டபடி. வாசல் கதவுக்கு மட்டும் பச்சை. காரைதீவு அக்கா சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மகனைப் பற்றி அவருக்கு இன்றுவரை ஒரு பதிலும் கிடைக்கவில்லை. ராத்தா மாதம் ஒரு தரமாவது பஸ்ஸேறிப் போய் அவருடைய நோவைக் கேட்டுவிட்டு வருவாள்.

போன மாதம் ராத்தா லாப்புக்கு வந்தாள். முழங்கால் நோகிறதாம், டொக்டர் இரத்தம் பார்க்கச் சொன்னாராம். மெஷினில் போடப் போனேன். "அது சொல்றது எனக்கு விளங்கா. அந்தக் குழாயில வை" என்றாள். அலுமாரிக்கு மேலிருந்து ஸ்டாண்டை இறக்கித் துடைத்தேன். குழாயை நிறுத்தினேன், மணியைப் பார்த்தேன். பழைய வாங்கு இல்லை, பிளாஸ்டிக் கதிரைதான். ராத்தா அதில் நேராக, முழுப் பாரத்தையும் போட்டு, இரண்டு காலையும் நீட்டி இருந்தாள். தெரிந்த ஒருவர் வந்து, "சுகமா ராத்தா?" என்று கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு நிறுத்தாமல், "முழங்கால் நோகுது, வலக் கண் மங்கல், இடுப்பு நாரி பிடிக்குது, இந்தக் கதிர சரியில்ல" என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். கேட்டவர் ஏன் கேட்டோம் என்று நின்றார். நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தேன். மணி ஆனது. நான் குனியப் போனேன். "நீ தள்ளு" என்று என்னை ஒதுக்கிவிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குழாய்க்கு நேரே குனிந்தாள். ஒரு தரம் எண்ணினாள். நம்பாமல் இன்னொரு தரமும் எண்ணினாள்.

"பதினெட்டு" என்றாள். "எழுது."

பதினெட்டு என்றே எழுதினேன்.